விண்டோஸுக்குப் பக்கத்தில் உபுண்டு: டூயல் பூட் அனுபவம்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவையும் வைத்து, எழும்பும்போது ஒன்றைத் தேர்வதுதான் டூயல் பூட். அதை அமைப்பதில் உபுண்டுவை நிறுவும் வேலை அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. மெனக்கெட வேண்டியதெல்லாம் அதற்கு முன்னால், விண்டோஸுக்குள். பூட் வரிசை (எது முதலில் எழும்ப வேண்டும் என்ற பட்டியல்), கடிகாரம், டிஸ்க்கின் நிலை எல்லாம் தனக்கு மட்டுமே சொந்தம் என்றுதான் விண்டோஸ் நடந்துகொள்ளும். வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில்தான் பிறக்கின்றன.

இங்கே எடுத்துக்கொண்டது 512 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம் உள்ள, விண்டோஸ் 11 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப். பக்கத்தில் போட்டது உபுண்டு 24.04. லினக்ஸ் மின்ட்டுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். வெற்று டிஸ்க்கில் தொடங்குபவர்கள் விண்டோஸை முதலில் போட வேண்டும். பின்னால் வரும் விண்டோஸ் பூட் வரிசையில் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் அப்படியில்லை, ஏற்கெனவே இருப்பதைத் தேடிப் பார்த்து, எதைத் திறப்பது என்று கேட்கும் பூட் மெனுவில் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும்.

பேக்கப் வெளி டிஸ்க்கில் இருக்கட்டும். அதே டிஸ்க்கின் டி டிரைவில் எடுத்து வைத்தது பேக்கப் ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்க்ரிப்ஷன். "நான் அதை ஆன் செய்யவே இல்லையே" என்று பலரும் சொல்வார்கள். விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், டிவைஸ் என்க்ரிப்ஷன் பெரும்பாலும் தானாகவே இயங்கிவிடும். பிறகு பயாஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செக்யூர் பூட்டை (நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் காப்பு) மாற்றினாலோ பூட் வழி மாறினாலோ, சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சில்லு அதைத் தராது. திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். எனவே சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துவிட்டு, செட்டிங்ஸில் என்க்ரிப்ஷனை அணைக்க வேண்டும். டிக்ரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருங்கள். பாதியில் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அது முடியாவிட்டால் உபுண்டு நிறுவியே பிட்லாக்கரை அணைக்கச் சொல்லி நின்றுவிடும்.

அடுத்து எம்எஸ்இன்ஃபோ32 திறந்து "பயாஸ் மோட்" வரியைப் பாருங்கள். யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை; பழையது லெகசி) என்று இருந்தால் உபுண்டுவையும் யுஇஎஃப்ஐயில்தான் பூட் செய்து நிறுவ வேண்டும். ஒன்று யுஇஎஃப்ஐ, இன்னொன்று லெகசி என்று கலந்துவிட்டால் ஒரே மெனுவிலிருந்து இரண்டையும் திறக்க முடியாது.

இப்போது இடம் ஒதுக்குவது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் வலது கிளிக், "ஷ்ரிங்க் வால்யூம்". இங்கேதான் பலரும் திகைக்கிறார்கள்: டிரைவில் 300 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் சுருக்கக் கிடைப்பது அதில் ஒரு துண்டுதான். காலி இடத்தின் நடுவே நகர்த்த முடியாத கோப்புகள் உட்கார்ந்திருப்பதே காரணம். ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் எடுத்து வைத்த நகல்கள் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் எச் ஆஃப்" கட்டளை கொடுத்தால் முதலாவது போய்விடும். சிஸ்டம் ரீஸ்டோரையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பார்த்தால் எண் நன்றாகவே கூடியிருக்கும். சுருக்கி முடித்ததும் அந்த இரண்டையும் திரும்ப ஆன் செய்ய மறக்க வேண்டாம்.

அந்த ஒரே கட்டளை ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருக்கும்வரை "ஷட் டவுன்" என்பது முழு ஷட் டவுன் இல்லை. கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, விண்டோஸ் டிரைவின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் பாதி திறந்த நிலையிலேயே இருக்கும். உபுண்டுவிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. வலுக்கட்டாயமாக எழுதினால் கோப்புகள் சிதையும்.

உபுண்டுவுக்கு 100 ஜிபி விட்டால் தாராளம். 40 ஜிபியிலும் ஓடும், ஆனால் ஸ்னாப் எனப்படும் உபுண்டுவின் செயலித் தொகுப்புகளும் பழைய கர்னல்களும் சேரச் சேர மூச்சுத் திணறும். விட்ட இடத்தைக் காலியாகவே வைத்திருங்கள், விண்டோஸில் ஃபார்மட் செய்யாதீர்கள். சி டிரைவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரெக்கவரி பார்ட்டிஷனையும் தொட வேண்டாம்.

சில இன்டெல் லேப்டாப்களில் நிறுவிக்கு எஸ்எஸ்டியே தெரியாது. டிஸ்க் பழுதில்லை, பயாஸில் ஸ்டோரேஜ் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் இருக்கும், ஏஹெச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். நேராக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் விழும், ஏனென்றால் அந்த டிரைவரை பூட்டின்போது ஏற்றிப் பழக்கமில்லை. வரிசை இது: எம்எஸ்கான்ஃபிக்கில் "சேஃப் பூட்" தேர்வு, ரீஸ்டார்ட், பயாஸில் ஏஹெச்சிஐ, சேஃப் மோடில் விண்டோஸ் ஒருமுறை எழும்பட்டும், பிறகு "சேஃப் பூட்" டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் எண் ஏற்காமல் போகலாம். கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி விஷயம் சுலபம். 8 ஜிபி போதும். இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு முழுதாக வந்ததா என்று அதன் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்து, யுஎஸ்பியில் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் ஜிபிடி, யுஇஎஃப்ஐ தேர்ந்து எழுதினால் முடிந்தது.

நிறுவியில் "விண்டோஸ் பூட் மேனேஜருடன் சேர்த்து நிறுவு" என்பதே பெரும்பாலானவர்களுக்குச் சரி. "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. அவசரத்தில் கை அங்கே போய்விடக் கூடாது. கைமுறையாகச் செய்பவர்கள் காலி இடத்தில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒன்றை உருவாக்கி, ரூட் என மவுன்ட் செய்தால் போதும். ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது உதவும் இடம்) தனிப் பார்ட்டிஷன் வேண்டியதில்லை, உபுண்டு கோப்பாகவே உருவாக்கிக்கொள்கிறது.

இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பது பூட் கோப்புகளுக்கென்றே ஃபேட்32இல் 100 எம்பியோ கொஞ்சம் கூடவோ இருக்கும் சின்னத் துண்டு. உள்ளே விண்டோஸின் பூட் கோப்புகள் "மைக்ரோசாஃப்ட்" என்ற ஃபோல்டரில் இருக்கும். உபுண்டு அதன் பக்கத்தில் தன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, சில எம்பி அளவில் ஷிம்மையும் (செக்யூர் பூட் ஏற்கும் முதல் கோப்பு) க்ரப்பையும் (பூட் மெனுவைக் காட்டும் மென்பொருள்) வைத்துக்கொள்ளும். ஒன்றோடொன்று மோதாது. அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யும் டிக் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விழுந்தால் விண்டோஸ் பூட் ஆகாது.

செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை. ஆனால் என்விடியா போன்ற வெளி டிரைவர்களைத் தேர்ந்தால் நிறுவி ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலப் பின்னணியில் "என்ரோல் மோக்" (வெளி டிரைவரை நம்பச் சொல்லும் சாவியைச் சேர்ப்பது) என்ற மெனு வரும். அதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை 10 நொடிதான் காத்திருக்கும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது. விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும் என்பதால் வெறும் எழுத்தும் எண்ணுமாக 8 எழுத்துக் கடவுச்சொல் உத்தமம்.

க்ரப் மெனுவில் விண்டோஸ் வராவிட்டால் பதற வேண்டாம். 2021இல் வந்த க்ரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே முடக்கப்பட்டுள்ளது. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு "ஃபால்ஸ்" மதிப்புக் கொடுத்து, அப்டேட்-க்ரப் ஓட்டினால் வந்துவிடும்.

கடிகாரம் ஒவ்வொரு முறையும் மாறிப்போவது அடுத்த எரிச்சல். மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது, யுடிசி எனும் உலகப் பொது நேரம் இருப்பதாக உபுண்டு நினைக்கிறது. நேர மண்டல வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு பிசகும். "டைம்டேட்சிடிஎல்" கட்டளை மூலம் உபுண்டுவை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம்சோன்இன்ஃபர்மேஷன் கீயின் கீழ் "ரியல்டைம்இஸ்யூனிவர்சல்" என ஒரு டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி 1 கொடுத்து, விண்டோஸையே யுடிசிக்கு மாற்றுவதே என் தேர்வு. கோடை நேரம் மாறும் நாடுகளில் முதல் வழி குழப்பும்.

ப்ளூடூத் மவுஸும் ஹெட்ஃபோனும் ஒவ்வொரு முறையும் மறுபடி பேர் செய்யச் சொல்லும். லேப்டாப்பின் முகவரி ஒன்றே, இணைப்புச் சாவி இரண்டு. கடைசியாக வந்தது முந்தையதை அழித்துவிடுகிறது. முதலில் உபுண்டுவிலும் பிறகு விண்டோஸிலும் பேர் செய்துவிட்டு, விண்டோஸிலுள்ள சாவியை உபுண்டுவின் கோப்பில் நகலெடுத்து வைத்தால் தீரும். யுஎஸ்பி டாங்கிளுடன் வரும் மவுஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு க்ரப் காணாமல் போனதுபோல் இருந்தால், பெரும்பாலும் பூட் வரிசைதான் மாறியிருக்கும். பயாஸில் உபுண்டுவை மேலே நகர்த்தினால் சரி. 2024 ஆகஸ்ட்டில் நடந்தது வேறு ரகம். எஸ்பிஏடி (பாதுகாப்புக் குறையுள்ள பூட் மென்பொருள்களின் தடைப்பட்டியல்) மூலம் பழைய க்ரப்களைத் தடுக்கும் விண்டோஸ் புதுப்பிப்பு வந்து, டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் பக்கம் "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" என்று நின்றுபோனது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, உபுண்டுவுக்குள் போய் மோக்யூட்டில் கட்டளை மூலம் அந்த எஸ்பிஏடி பாலிசியை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, திரும்ப ஆன் செய்வதே அதற்கான வழியாக இருந்தது.

பிட்லாக்கரை மறுபடி போடுபவர்களுக்கு ஒன்று: க்ரப் வழியாக விண்டோஸுக்குள் போகும்போது மீட்புச் சாவி கேட்கக்கூடும். பயாஸின் பூட் மெனுவிலிருந்து நேராகப் போனால் தப்பிக்கலாம்.

உபுண்டு வேண்டாம் என்று முடிவானால் முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வைத்து, அது தனியாக எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகுதான் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் க்ரப் தன் கோப்புகளைத் தேடி, கறுப்புத் திரையில் வெறும் கட்டளை வரியோடு நிற்கும். அழித்த இடம் சி டிரைவை ஒட்டியே இருப்பதால் "எக்ஸ்டெண்ட் வால்யூம்" அதை அப்படியே சேர்த்துக்கொள்ளும். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மிச்சமிருக்கும் உபுண்டு ஃபோல்டரால் தீங்கில்லை, விட்டுவிடலாம்.