கதவோரம் எழுதிய எக்ஸ்

போலியோ ஞாயிறன்று மகளை நான் சொட்டு மருந்துக்குக் கூட்டிப் போகவில்லை. இரண்டு வயது, லேசான சளி. அது பாதிக் காரணம்தான். தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்து எல்லா ஊசியும் போட்டாயிற்று, போலியோ ஊசியும் அதில் சேர்த்தி. அப்புறம் எதற்கு அங்கன்வாடி வாசலில் நிற்க வேண்டும்? "ரெண்டு சொட்டுதானே, எட்டு வச்சா வந்துடலாம்" என்று அத்தை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இரண்டு பெண்கள் வீடு தேடி வந்தார்கள். மகளின் இடது சுண்டுவிரலைப் பார்த்தார்கள், மை இல்லை. "ஊசி போட்டாச்சு, வேண்டாங்க" என்றேன். எதுவும் சொல்லாமல் சாக்பீஸால் கதவோரம் 'எக்ஸ்' எழுதிவிட்டுப் போனார்கள்; சொட்டு போடாத பிள்ளை இருக்கும் வீடு என்று அர்த்தம். தெருவில் மற்ற வீடுகளில் எல்லாம் 'பி', அதாவது எல்லாப் பிள்ளைக்கும் போட்டாயிற்று. சத்தியமாகக் கூச்சமாக இருந்தது.

அதற்கு மறுநாள் கிராம சுகாதார செவிலியரே வந்தார். திட்டவில்லை, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"ஊசி வீணில்லைம்மா. 2016 ஏப்ரல்ல இருந்து சொட்டுல ரெண்டாம் வகைக் கிருமிக்கு மருந்து கிடையாது, அதுக்கு ஊசிதான். ஆனா ஊசி காவல் நிக்கிறது ரத்தத்துல. கிருமி நரம்புக்குப் போகாது, உங்க பொண்ணுக்குக் கால் முடங்காது. ஆனா கிருமி குடியிருக்கிறது குடல்ல. அங்க தங்கி, மலத்துல வெளியேறி, தண்ணி வழியா, கழுவாத கை வழியா அடுத்த பிள்ளைக்குப் போகும். குடல்லயே மறிக்கிறது சொட்டுதான். அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள எல்லாருக்கும் ஒரே சமயத்துல கொடுத்துட்டா அதுக்குத் தங்க இடம் இருக்காது."

2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்து ஹவுராவில் வந்ததுதான் நம் நாட்டில் இயற்கையான போலியோ கிருமியால் வந்த கடைசிக் கேஸ், 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்று சான்றிதழே வாங்கிவிட்டோமே என்று வாதாடினேன். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் ஒழியவில்லை என்றார். தொற்றிய 200 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வாதம் வருமாம். ஒரு குழந்தையின் கால் துவண்டு நமக்குத் தெரிய வரும்போது, தெரியாமல் சுமப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். இந்தக் கணக்குதான் என் வாயை அடைத்தது.

சளியைப் பற்றிக் கேட்டேன். "சளிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று பெட்டியைத் திறந்தார். குப்பியின் லேபிளில் ஊதா வட்டம், நடுவே வெளிர் சதுரம். சூடுபட்டால் சதுரம் கறுக்கும்; வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். எனக்குக் காட்டிவிட்டே மூடியைத் திறந்தார்.

மகள் முதல் தடவை துப்பிவிட்டாள். கன்னத்தை மெல்ல அழுத்தி மறுபடி இரண்டு சொட்டு. விரலில் மை. எக்ஸை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பி' எழுதினார்.

சாயங்காலம் குளிப்பாட்டும்போது சோப்புப் போட்டுத் தேய்த்தும் மை போகவில்லை. அத்தை அந்தச் சுண்டுவிரலைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.