தங்கசாலைக் காசும் அதன் தழும்புகளும்

சென்னையில் தங்கசாலைத் தெருவின் பெயரைக் கேட்டதும், கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காசெல்லாம் அங்கேதான் அடித்தார்கள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. சேகரிப்பாளர்கள் தேடும் நட்சத்திர வராகன் என்ற பொற்காசும் ஆற்காட்டு ரூபாய் என்ற வெள்ளிக் காசும் நாணயச்சாலை புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த காலத்தவை. நாணயச்சாலை பழைய வெடிமருந்து ஆலைக் கட்டடத்துக்கு மாறியது 1840களின் தொடக்கத்தில்தான். 1869இல் மூடியும் விட்டார்கள். முப்பது வருஷம்கூட இல்லை, பெயர் மட்டும் தெருவோடு ஒட்டிக்கொண்டது.

கையடிக் காசிலிருந்து தொடங்குவோம். வெள்ளியை உருக்கிக் கம்பியாக வார்த்து, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தராசில் நிறுப்பார்கள். கனம் கூடினால் ஓரத்தை வெட்டுவார்கள். பிறகு பழுக்கக் காய்ச்சி, தட்டி உருட்டி வில்லையாக்குவார்கள். கீழ் அச்சு பட்டடையில் இறுகியிருக்கும், மேல் அச்சு கையில். சம்மட்டி அடி ஒன்று. சரியாகக் காய்ச்சாத வில்லை ஓரத்தில் வெடிக்கும். அடி சாய்ந்தால் ஒரு பக்கம் மழுங்கும். அச்சு எகிறி மறுபடி விழுந்தால் எழுத்து இரட்டிக்கும். பார்சி (பாரசீக மொழி) வாசகம் பாதிதான் தெரிகிறது என்றால் அது தேய்மானம் அல்ல: வில்லையைவிட அச்சு பெரிது, மீதி எழுத்து வெள்ளியில் விழவே இல்லை.

1807இல் எந்திரம் வந்தபிறகுதான் முழு வாசகமும் வட்டத்துக்குள் அடங்கியது. இங்கே ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆற்காட்டு ரூபாயில் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172ம், ஆட்சியாண்டு 6ம் இருக்கும். அது 1758–59 என்று கணக்குப் போட்டு விற்பவர்கள் இன்றும் உண்டு. அந்த ஆண்டைக் கும்பினியார் மாற்றாமல் அப்படியே உறையவைத்து, 1835 வரை அடித்தார்கள். ஆகவே தேதியை நம்பாதீர்கள், விளிம்பைப் பாருங்கள். சீரான வட்டமும் ஒழுங்கான விளிம்பும் இருந்தால் எந்திரக் காசு. தாமரை இருந்தால் சென்னை முத்திரை. ரோஜா இருந்தால் கல்கத்தாவில் அடித்தது.

எனக்குப் பிடித்தது வெள்ளி அரை வராகன். ஒரு முகத்தில் நட்சத்திரங்கள் சூழ்ந்த கோபுரம், மறுமுகத்தில் விஷ்ணு. தமிழிலும் தெலுங்கிலும் ‘பூவராகன்’. வெள்ளிக்குத் தட்டுப்பாடு, கையில் கிடைத்ததோ ஸ்பானிய டாலர். சுமார் 27 கிராம் டாலரை 21 கிராமளவுக்குக் குறைத்து அதன் மேலேயே அடித்தவையும் உண்டு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கோபுரத்தடியைத் திருப்பிப் பாருங்கள்: ஸ்பானிய எழுத்தின் வாலோ, அரசர் மூக்கின் கோடோ தட்டுப்படும். அடி போதாததால் பழைய உருவம் முழுதாக அழியவில்லை. குறைதான், ஆனால் அந்தக் குறை இருக்கும் காசையே நான் எடுப்பேன்.

செம்புக் காசு வேறு கதை. 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற கணக்கில் சில்லறை எவ்வளவு அடித்தாலும் போதாது. அதனால் பர்மிங்காம் அருகே சோஹோ ஆலையில் நீராவி எந்திரத்தில் அடித்து, பீப்பாயில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். 1808ஆம் ஆண்டின் 20 காசு சுமார் 9.3 கிராம், 10 காசு அதில் பாதி. பார்சியில் ‘இருபது காசு நாலு ஃபலூஸ் (செம்புக் காசு)’ என்று கணக்கையும் சேர்த்தே பொறித்தார்கள். அந்தச் சரக்கோடு வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மேலே வந்த அந்தக் காசுகள் இன்று சந்தையில் ஏராளம். சென்னை மண்ணையே மிதிக்காதவை. ‘சென்னைப் புழக்கத்தில் இருந்தது’ என்று யாராவது விலை கூட்டினால் கொடுக்காதீர்கள்.

1818இல் வராகன் போய் ரூபாய் கணக்குக்கு வந்தது, 100 வராகனுக்கு 350 ரூபாய். ரூபாய் எடை 180 குன்றின்மணி அல்ல, 180 கிரெய்ன் (ஆங்கிலேய எடை அலகு), அதில் 165 சுத்த வெள்ளி. பழைய குறிப்புகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கே கவிழ்ந்துவிடும்.