அம்மாவின் பதில்கள்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கலைக் கண்காட்சிக்காக 30 நாள் வீட்டில் குறிப்பேடும் கையுமாகத் திரிந்தேன். அம்மாவைப் பார்த்து யார் என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்வது, அவ்வளவுதான் வேலை. "என் கண்ணாடி எங்க?" "இந்தச் சட்டைய இன்னும் தேய்க்கலையா?" "சார்ஜர எங்க வெச்சுத் தொலைச்ச?" "நீ சும்மாதானே இருக்க, போய்க் கதவத் திற." குறிப்பேடு நிறைந்துவிட்டது. அதையெல்லாம் கறுப்பு எழுத்தில் வெள்ளைப் பெட்ஷீட்களில் அச்சடித்து, அறைக்குக் குறுக்கே கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். பார்க்க வருகிறவர்கள் துணியை விலக்கிக் குனிந்துதான் உள்ளே போக முடியும். அந்தக் குனிய வைக்கிற யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நன்றாகவே போனது. ஒரு பெண் துணிகளுக்கு நடுவே நின்று அழுதார். ஒருவர் "ஆம்பளைங்கள அசிங்கப்படுத்தறதெல்லாம் ஒரு கலையா?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். உண்மையைச் சொன்னால், அழுதவரைவிடச் சத்தம் போட்டவர்தான் எனக்கு அன்றைக்கு அதிக சந்தோஷம் கொடுத்தார். சீண்டுகிற கலை செய்பவர்களுக்கு இந்த வியாதி உண்டு. யாராவது கோபப்பட்டால் போதும், நாம் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவோம்.

மூன்றாம் நாள் அப்பா வந்தார், கூடவே அம்மா வந்தாள். (அப்பாவுக்கு 'வந்தார்', அம்மாவுக்கு 'வந்தாள்' என்று கை தானாகத்தான் எழுதுகிறது. திருத்தாமல் விடுகிறேன்.) அப்பா இரண்டாவது துணியைப் படித்ததோடு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "எல்லாரும் என்னைச் சொன்னது இருக்கு. நான் பதிலுக்குச் சொன்னது ஒண்ணுகூட இல்லையேம்மா?"

இருந்தது. குறிப்பேட்டில் எல்லாமே இருந்தது. "என் கண்ணாடி எங்க?" என்று அப்பா கேட்டதற்கு "மூக்கு மேல" என்று சொன்னாள். சட்டைக்கு, "அது உங்க சட்டைதானே, அதையே கேளுங்க." அம்மா வாய்க்கு வீட்டில் எல்லோருக்கும் பயம். அதையெல்லாம் எழுதிவிட்டு, அச்சுக்குக் கொடுக்கும்போது நான்தான் நீக்கினேன். ஏன் என்றால் அந்தப் பதில்கள் இருந்தால் பார்க்கிறவர் சிரித்துவிடுவார், சிரித்துவிட்டால் கனம் போய்விடும். எனக்கு வாயில்லாத ஒரு அம்மா தேவைப்பட்டாள். வீட்டில் யாராலும் செய்ய முடியாததை நான் செய்தேன், அதுவும் அம்மாவுக்காகப் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு.

அப்போதெல்லாம் நான் ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோவின் 'கட் பீஸ்' என்ற நிகழ்த்துகலைப் படைப்பைப் பற்றி ஓயாமல் பேசுவேன். 1964இல் கியோட்டோவில் முதன்முதலாகச் செய்தார். அடுத்த வருடம் நியூயார்க்கில் செய்தது படமாகவும் இருக்கிறது. மேடையில் அசையாமல் உட்கார்ந்திருப்பார், முன்னால் ஒரு கத்தரிக்கோல், பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் உடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போகலாம். முதலில் வருகிறவர்கள் தயங்கித் தயங்கி ஓரத்தில் வெட்டுகிறார்கள். அப்புறம் ஒரு இளைஞன் வந்து, ரசித்து, உள்ளாடைப் பட்டை வரைக்கும் வெட்டுகிறான். அவர் கைகளால் மார்பை மறைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான், வேறு அசைவில்லை. 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் மரீனா அப்ரமோவிச் என்ற கலைஞர் இன்னும் தூரம் போனார். மேஜையில் 72 பொருட்கள், ரோஜாவிலிருந்து துப்பாக்கியும் தோட்டாவும் வரை. 6 மணி நேரம் தன்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்று எழுதி வைத்துவிட்டு நின்றார். உடையைக் கிழித்தார்கள், தோலைக் கீறினார்கள், துப்பாக்கியை அவர் மேலேயே நீட்டினார்கள்.

இரண்டிலும் மௌனம்தான் ஆயுதம். என் பெட்ஷீட்களிலும் மௌனம் இருந்ததால் நானும் அதே வரிசை என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் வைத்தது தங்கள் சொந்த உடம்பை. எழுந்து போகலாம் என்று தெரிந்தும் எழுந்து போகாத மௌனம் அது. நான் வைத்தது அம்மாவினுடையதை. கத்தரிக்கோல் முன்னால் வேறொருத்தியை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் நின்று பாராட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டுமா? எனக்கு அதிலும் சம்மதம் இல்லை. ஆண் பெண் வேலைப் பிரிவினையைப் பற்றி அந்தப் பிரிவினையால் சுகமாக இருப்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு படைப்பும் வெளியே வராது. சோஃபி கால் என்ற பிரெஞ்சுக் கலைஞருக்கு ஒரு ஆண் மின்னஞ்சலிலேயே உறவை முறித்துக் கடிதம் எழுதினார். சோஃபி அந்தக் கடிதத்தை 107 பெண்களிடம் கொடுத்து, அவரவர் தொழிலின் கண்ணோடு படித்துச் சொல்லச் சொன்னார். 2007இல் வெனிஸ் பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் அது காட்சிக்கு வந்தது. எழுதியவருக்குச் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கடிதம் வந்தது சோஃபிக்கு, காயம் பட்டதும் அவருக்குத்தான்.

அப்பாவின் வாக்கியங்களைத் தொங்கவிட்டதற்கும் அதனால் எனக்குப் பெரிய குற்ற உணர்ச்சி இல்லை. கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. அடுத்த சில வாரம் அவர் கண்ணாடியைத் தானே தேடினார், ஒரு வார்த்தை பேசாமல், இழுப்பறைகளை டமார் டமார் என்று சாத்திக்கொண்டு. அதை மாற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அது. ஆனாலும் யார் மேல் குற்றம் சொல்கிறோமோ அவரிடம் கேட்காமல் இருக்கலாம். யார் சார்பாகப் பேசுகிறோமோ அவரிடம் கேட்காமல் இருக்கக் கூடாது. நான் கேட்கவில்லை. கேட்டால் "வீட்டு விஷயம், வேண்டாம்" என்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், அவளுக்காக முடிவு செய்கிற மற்றவர்கள் மாதிரியே.

இந்தக் கேட்கிற விஷயத்தில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூகலிஸ். குழந்தை பிறந்த பிறகு, துடைப்பது துவைப்பது எல்லாமே கலைதான் என்று 1969இல் ஒரு அறிக்கை எழுதியவர். 1976இல் நியூயார்க்கில் ஒரு பெரிய கட்டடத்தைப் பராமரிக்கும் 300 தொழிலாளர்களிடம், தினம் உங்கள் வேலையில் ஒரு மணி நேரத்தைக் கலை என்று நினைத்துச் செய்யுங்கள் என்றார். உடனே படம் வரும் போலராய்டு கேமராவில் அவர்களைப் படம் எடுத்து, இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது வேலையா கலையா என்று கேட்டு, அவர்கள் சொன்னதையே படத்தில் பொறித்தார். பெருக்குகிறவர் 'வேலை' என்றால் வேலை. கலைஞருக்கு அதில் மறுபேச்சு இல்லை. படைப்பு அதனால் ஒன்றும் சப்பென்று ஆகிவிடவில்லை, அதுதான் என் மூக்கை உடைத்த விஷயம்.

போன மாதம் அதே படைப்பை இன்னொரு இடத்தில் வைக்கக் கேட்டார்கள். இந்த முறை குறிப்பேட்டை அம்மாவிடம் கொடுத்தேன். வேண்டாததை அடி, வேண்டியதைச் சேர் என்றேன். பத்து நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பதினேழு வரிகளை அடித்திருக்கிறாள், அதில் ஐந்தாறு என்னுடைய மிகச் சிறந்த வரிகள், மனசே இல்லாமல் விட்டுவிட்டேன். பல வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலில் பதில்கள், அன்று சொன்னவையும் இப்போது யோசித்துச் சேர்த்தவையும். கடைசிப் பக்கத்தில் மட்டும் நான் எழுதியே வைக்காத ஒரு வரி, அவள் கையெழுத்தில்:

"அம்மா, இந்த வெள்ளைப் பெட்ஷீட்டெல்லாம் கொஞ்சம் தேய்ச்சுக் குடுத்துடறியா, நாளைக்கு எனக்குக் கண்காட்சி." கீழே, "இதையும் போடு."