நாலு தடவை ஓட்டிப் பார்த்த பையன்

பின்னக் கூட்டலை ஏழு நிமிட வீடியோவாக எடுத்து முந்தின நாளே வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன். மறுநாள் வகுப்பில் பாடம் நடத்தவில்லை, நேராகக் கணக்குதான். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பையன் நோட்டோடு எழுந்து வந்து, "சார், கால் கூட ஆறுல ஒண்ணு சேர்த்தா கீழ எப்படிப் பன்னிரண்டு வந்துச்சு? அந்த இடத்தை நாலு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன்" என்றான். நான் பலகையில் எழுதிக்கொண்டே போயிருந்தால் அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே அமுங்கியிருக்கும்.

இது புதுசு இல்லை. 2007-இல் அமெரிக்காவின் கொலராடோவில் பெர்க்மன், சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள், வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்காகப் பாடங்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அப்புறம் அதையே எல்லோருக்கும் வீட்டுப்பாடமாக்கி, வகுப்பு நேரத்தைப் பயிற்சிக்கும் ஆய்வகச் சோதனைக்கும் ஒதுக்கினார்கள். தலைகீழ் வகுப்பறை என்ற பெயர் பரவியதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

2020-இல் கொரோனா காலத்தில் நடந்ததோடு இதைப் போட்டுக் குழப்பாதீர்கள். அன்று உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி மூடியது, பள்ளிக்குப் பதிலாகத் திரை வந்தது. இங்கே திரை விளக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது, பிள்ளையின் பக்கத்தில் உட்கார எனக்கு நேரம் கிடைக்கிறது.

ஒரே போனை மூன்று பேர் பங்கு போடும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு வீடியோவைப் பள்ளிக் கணினியில் ஏற்றி, மதிய இடைவேளையில் பார்க்க விடுகிறேன். அதைச் செய்யாமல் வீடியோவை மட்டும் அனுப்புவது அநியாயம்.