இடையிசையில் நான்கு விநாடி

பழைய பாட்டு ஓடும்போது அம்மா பல்லவியைக் கூடவே பாடுவார். நான் பல்லவி எப்போது முடியும் என்று காத்திருப்பேன். பாடகர் மூச்சு வாங்கப் போன பிறகு வரும் இடையிசைதான் எனக்கு வேண்டும். பழைய பாட்டிலிருந்து துண்டு (சாம்பிள்) வெட்டி ராப்புக்குப் பின்னணி இசை, அதாவது பீட், செய்கிறவன் பாட்டைக் கேட்கிற லட்சணம் அப்படி.

அமெரிக்க ஃபங்க் இசைத்தட்டுகளில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் சில விநாடிகள் வரும். அதை 'பிரேக்' என்பார்கள். 1973இல் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் அந்த இடத்தையே இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். ஹிப்-ஹாப்பின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். நம் படப் பாட்டில் டிரம்ஸை அப்படித் தனியே விடுவது குறைவு. வயலின் தனியாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டால் அடியில் பேஸ் கிடாரின் கனத்த ஒலியும் தபேலாவும் ஓடிக்கொண்டிருக்கும். ஃபில்டரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேஸ் பெரும்பாலும் அடங்கிவிடும். தபேலாவின் மேல்சத்தம் போகாது. அதோடு சண்டை போடுவதை நான் விட்டுவிட்டேன். அந்த அடி எங்கே விழுகிறதோ அங்கேயே என் ஸ்னேர் டிரம் அடியை வைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வேகம் இன்னொரு தலைவலி. பழைய பாட்டுகள் பலவும் இயந்திரத் தாளம் இல்லாமல், ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தவை. நான்கு தாளச் சுற்றுக்குள் கொஞ்சம் ஓடும், கொஞ்சம் இழுக்கும். முதல் இரண்டு வருடம் நான் எல்லாவற்றையும் கணினியின் சம இடைவெளித் தாளக் கட்டத்துக்குள் இழுத்து அடைத்தேன். தாளம் சரியாக இருந்தது, பாட்டில் உயிர் இல்லை. அமெரிக்க ஹிப்-ஹாப் பீட் கலைஞர் ஜே டில்லாவைக் கேட்ட பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. அவருடைய டிரம்ஸ் கட்டத்துக்குள் நிற்காது, ஆனாலும் தலை தானாக ஆடும். அவர் பயன்படுத்திய எம்பிசி என்ற சாம்பிள் பெட்டி இன்று வாஷிங்டனில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இப்போதெல்லாம் சாம்பிளை அடிக்கு அடி வெட்டி, விரலால் தட்டும் பேடுகளில் வைத்து, கையால் வாசித்துப் பதிகிறேன். திருத்துவது மிகக் குறைவு.

இதெல்லாம் தெரிந்த மிதப்பில்தான் ஒரு விளம்பர வேலையில் மாட்டினேன். முப்பது விநாடிப் படம், ராப் வேண்டும், 'பழைய மெட்ராஸ் ஃபீல்' வேண்டும் என்றார்கள். பரணிலிருந்த கேசட்டில் ஒரு இடையிசையைப் பிடித்தேன். நான்கு விநாடி வயலின். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 107 அடி. அதை 90க்கு இறக்கினேன், நீட்டல் மென்பொருள் எதுவும் இல்லாமல், டேப்பை மெதுவாக ஓட்டுவது போல. சுருதியும் கூடவே மூன்று செமிடோன் (அரை ஸ்வரம்) இறங்கியது. வயலின் கனத்து, தூக்கக் கலக்கத்தில் வாசிப்பது போல ஆனது. ராப் பாடும் பையன் கேட்டதும், “ப்ரோ, இதுல எதையும் தொடாதீங்க” என்றான்.

வெளியிட ஒரு வாரம் இருக்கும்போது உரிமைப் பத்திரம் கேட்டார்கள். இவ்வளவு மாற்றியதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றேன். அது எவ்வளவு மொண்ணையான வாதம் என்று எனக்கே தெரியும். ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் குழுவின் கிடார் துண்டு ஒன்றை என்.டபிள்யூ.ஏ என்ற ராப் குழு எடுத்துப் பயன்படுத்திய வழக்கில், எடுத்தது இரண்டே விநாடி. சுருதியை இறக்கி, திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கித்தான் போட்டிருந்தார்கள். 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, உரிமம் வாங்கு, இல்லையேல் சாம்பிள் எடுக்காதே என்று சொல்லிவிட்டது. நம் ஊர்ச் சட்டம் வேறுதான். ஆனால் இங்கேயும் மெட்டுக்கு ஒரு உரிமை, பதிவுக்கு இன்னொரு உரிமை. மெட்டுக்கு உரியவரிடம் பேசி வாங்கிவிட்டார்கள். அந்தக் கேசட் பதிவு இன்று யார் கையில் இருக்கிறது என்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை. சரி, அதே வரியைப் புதிதாக வாசித்துப் பதிந்துவிடலாம் என்று முடிவானது.

பல வருடம் சினிமா ரெக்கார்டிங்கில் இருந்த ஒரு வயலின் சார் வந்தார். நான் செய்த பீட்டைப் போட்டுக் காட்டினேன். அந்தச் சுருதியில், அந்த வேகத்தில், அச்சுப் பிசகாமல் வாசித்தார். நான்கு தடவை வாசிக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். ஸ்வரம் சரி, நேரம் சரி. ஆனால் அது இல்லை. எதிரொலி சேர்த்தேன், கேசட்டில் பதிந்து திரும்ப எடுத்தேன், டேப் இரைச்சல்கூடப் போட்டேன். ராத்திரி ஒரு மணிவரை அது இல்லவே இல்லை.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது உறைத்தது. எனக்குப் பிடித்திருந்தது அந்த வரி இல்லை, அதன் மந்தம். வாசித்ததை மெதுவாக்கினால் விரலின் நடுக்கமும், வில் கம்பியைக் கவ்வும் அந்த முதல் கணமும்கூட மெதுவாகிவிடும். எந்த மனிதக் கையும் அப்படி வாசிக்காது. நான் அவரிடம் கேட்டது மெதுவான பாட்டு. கேட்டிருக்க வேண்டியது மெதுவாக்கிய பாட்டு. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற பீட் இயந்திரத்தில் சாம்பிளுக்கு மொத்தமே பத்து விநாடிதான் இடம். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45இல் வேகமாக ஓட்டிப் பதிந்து, உள்ளே சுருதியை இறக்கிக்கொள்வார்கள். அந்தக் கரகரப்பு அப்படி வந்தது. இதை எத்தனை பேருக்கு நான் கதையாகச் சொல்லியிருக்கிறேன்!

சாரை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை கேசட்டையே போட்டேன், 107 வேகத்தில், அதன் சொந்தச் சுருதியில். கேசட் ஓட்டத்தில் அது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எங்கேயோ நின்றது. காது கொடுத்துக் கேட்டு, வயலினை அதற்கு இறக்கிச் சேர்த்துக்கொண்டார். “இதுல ஒருத்தர் கொஞ்சம் லேட்டா வர்றார். அதையும் வாசிக்கணுமா தம்பி?” என்றார். வாசியுங்கள் சார் என்றேன். எட்டுத் தடவை, ஒவ்வொரு முறையும் மைக்கிலிருந்து கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார வைத்து எடுத்தேன். பிறகு எல்லாவற்றையும் மொத்தமாக 90க்கு இறக்கினேன். ராப் பையனுக்கு அனுப்பியபோது, பழசைத்தானே திரும்ப அனுப்பியிருக்கிறீர்கள் என்று கேட்டான்.

விளம்பரத்தில் அந்த வயலின் மேல் பொருளின் விலையைச் சொல்லும் குரல் வந்து உட்கார்ந்துவிட்டது, அது வேறு கதை. சார் பெட்டியை மூடும்போது, “மெதுவாக்கப் போறேன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே” என்றார். அவருக்கு இரண்டு கால்ஷீட் பணம் கொடுத்தேன். இரண்டாவது என் கையிலிருந்து.