ஜார்ஜ் கிரஹாமும் அந்த நாலு பேர் வரிசையும்

கால்பந்து ஆடிய காலத்தில் ஜார்ஜ் கிரஹாமுக்கு 'ஸ்ட்ரோலர்' என்று பட்டப்பெயர். மைதானத்தில் உலாத்துகிறவர். 1971-ல் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்ற லண்டன் அணி ஆர்சனலின் மிட்ஃபீல்டில் (நடுக்களத்தில்) இருந்தவர். காலில் நுணுக்கம் இருந்தது, ஓட்டம்தான் குறைவு. ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் பிறந்த இந்த சொகுசு ஆட்டக்காரர், மேலாளரானதும் தன்னைப் போன்ற ஒருவரை அணியில் எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

கிரிஸ்டல் பேலஸில் பயிற்சியாளர், 1982-ல் மில்வால் மேலாளர், 1986-ல் ஆர்சனல். அங்கே அவர் கட்டிய தற்காப்பு பெரிய பணத்தில் வந்ததல்ல. நாலு பேரில் டிக்ஸனும் போல்டும் ஸ்டோக் அணியிலிருந்து, வின்டர்பர்ன் விம்பிள்டன் அணியிலிருந்து. டோனி ஆடம்ஸ் மட்டும் ஆர்சனலிலேயே வளர்ந்த வீட்டுப் பிள்ளை. 21 வயதில் கேப்டன்.

இந்த நாலு பேரின் ஆயுதம் ஆஃப்சைடு பொறி. பந்து தட்டப்படும் கணத்தில் தற்காப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் எதிரணி வீரர் ஆஃப்சைடு, அவர் ஆட்டம் செல்லாது; வரிசை சட்டென்று முன்னேறி அவரை அப்படி மாட்டவைப்பதுதான் பொறி. பொறி என்றால் நாலு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எப்போது ஏறக் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எதிரணி பந்தைப் பின்னால் தட்டினால், அல்லது பந்து வைத்திருப்பவர் நமக்கு முதுகு காட்டினால், வரிசை ஏறலாம். அவர் நிமிர்ந்து பார்க்கிறார், பக்கத்தில் யாரும் நெருக்கவில்லை என்றால் பின்வாங்கியே ஆகவேண்டும். அதனால் பொறியின் பாதி வேலை மிட்ஃபீல்டுக்காரர்களுடையது. பெரும்பாலும் கெடுவது பந்துக்கு எதிர்ப்புறம் நிற்கும் ஃபுல்பேக்கால் (ஓரத் தற்காப்பு வீரரால்): ஒரு எட்டு தாமதித்தால் போதும், எதிரணி மொத்தமும் ஆன்சைடு. இன்னொன்று, முன்கள வீரர் நின்ற இடத்திலேயே நிற்க, மிட்ஃபீல்டிலிருந்து ஒருவர் வரிசையைத் தாண்டி ஓடுவது. அதற்கு கோல்கீப்பர் பெனால்டி பெட்டியின் விளிம்பில் தயாராக நிற்க வேண்டும்.

1989 மே 26, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டு. லீக் பட்டத்துக்கு ஆர்சனல் லிவர்பூலை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். எல்லாரும் தாக்குதலை எதிர்பார்க்க, கிரஹாம் ஓ'லியரியையும் சேர்த்து ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினார். பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தாலும் கணக்கு சரி: முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டால் மூன்று அடிக்க வேண்டும். இடைவேளை வரை 0-0. பிறகு ஸ்மித் ஒரு கோல்; 90 நிமிடத்தைத் தாண்டி மைக்கேல் தாமஸ் இன்னொன்று. புள்ளியும் கோல் வித்தியாசமும் சமம். அடித்த கோல்களில் (73-65) பட்டம் வந்தது.

1990-ல் விதி மாறியது: தற்காப்பு வரிசைக்கு நேராக நின்றால் இனி ஆஃப்சைடு இல்லை. பொறி செத்தது என்றார்கள். அந்த சீசனில் ஆர்சனல் 38 ஆட்டங்களில் வாங்கியது 18 கோல். தோற்றது ஒரே ஒரு ஆட்டம். ஓல்டு டிராஃபோர்டு கைகலப்புக்காக 2 புள்ளி வெட்டியும் மீண்டும் சாம்பியன்.

பின்னாளில் மிட்ஃபீல்டு வறண்டது. இயன் ரைட் இருந்தும் 1992-93 லீக்கில் 42 ஆட்டங்களில் அடித்தது 40 கோல், பத்தாவது இடம். அதே சீசனில் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள், மறு வருடம் பார்மாவை 1-0 வென்று ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பை (கப் வின்னர்ஸ் கப்). ஒற்றை ஆட்டத்துக்கு அந்த முறை போதும். முழு சீசனுக்குப் போதாது.

நார்வே ஏஜென்ட் ரூனே ஹாகேயிடம் 4,25,000 பவுண்டு பெற்றது வெளியாகி, 1995 பிப்ரவரியில் வேலை போனது. ஒரு வருடத் தடை. அடுத்து லீட்ஸ்: 1996-97-ல் 38 ஆட்டங்களில் அடித்தது 28 கோல், பதினோராம் இடம். 1999-ல் ஆர்சனலின் பரம எதிரியான டாட்டன்ஹாமுக்கு லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த ரசிகர்களுக்கு அவர் கடைசிவரை ஆர்சனல்காரர்தான்.