டிசைனரைப் பார்க்கப் போகும் முன்

வெப்சைட் வேலை மாதக்கணக்கில் இழுத்தால் எல்லோரும் டிசைனரைத்தான் திட்டுகிறோம். ஆனால் பெரும்பாலும் வேலை முடங்கிக் கிடப்பது நம் பக்கத்தில்தான். "போட்டோ நாளைக்கு அனுப்புறேன் சார்", "வாடகை விவரம் அண்ணன் வந்ததும் சொல்றேன்" என்று நாள் ஓடும். அதற்குள் அவர் வேறு வேலையை எடுத்திருப்பார்.

சைட்டுக்கு வருகிறவர் என்ன கேட்பார் என்பதைத்தான் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். வேலூர் சி.எம்.சி. பக்கம் காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துபவரிடம், மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் நிறையத் தங்குகிறார்கள். முகப்பில் ஓடும் அலங்காரப் படங்களால் அவர்களுக்கு என்ன பயன்? ஆஸ்பத்திரி கேட்டுக்கு எத்தனை நிமிட நடை, லிப்ட் உண்டா, சக்கர நாற்காலி அறைக்குள் நுழையுமா, சமைத்துக்கொள்ளலாமா, மாத வாடகை எவ்வளவு என்பதுதான் அவர்கள் கவலை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அதனால் பாஸ்போர்ட், விசா கொண்டுவரச் சொல்லும் வரியும் அவசியம். இதையெல்லாம் வங்காளியிலும் போடுவதாக இருந்தால், அந்த மொழி தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகே கொடுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனி என்றால் கேள்விகளே வேறு: குறைந்தபட்ச ஆர்டர், சான்றிதழ்கள், சாம்பிள் வர எத்தனை நாள்.

லோகோவை விசிட்டிங் கார்டிலிருந்து போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். பிளெக்ஸ் அடித்த கடையில் லோகோவைக் கோடுகளாக வரைந்த கோரல்டிரா பைல் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். முகப்புப் படம் படுக்கைவாட்டில், 1920 பிக்சல் அகலமாவது இருக்கட்டும். பிரஸ்ஸில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த நோட்டீஸின் பைலை அப்படியே கொடுத்தால் சைட்டில் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் பொதுவாக உள்ள யூனிகோடு எழுத்துக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் சரியா என்று வரிவரியாகப் பார்த்துக் கொடுங்கள்.

முகவரியையும் பழைய லெட்டர்பேடைப் பார்த்து எழுத வேண்டாம். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது; ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் டொமைன், அதாவது சைட்டின் இணைய முகவரிப் பெயர். டிசைனர் தன் கணக்கில் வாங்கிவிட்டால், பின்னால் அவர் போன் எடுக்காதபோது கடைப் பெயரே அவரிடம் மாட்டிக்கொள்ளும். டொமைன் கணக்கு கடை உரிமையாளரின் பெயரில், அவர் இமெயிலில், ஓடிபி அவர் போனுக்கே வரும்படி இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையின் இமெயில் கூடவே கூடாது. அவர் வேலையை விட்டால் புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டலும் அவரோடு போய்விடும். தேதி தவறினால் சைட் மட்டுமல்ல, அந்தப் பெயரில் ஓடும் கம்பெனி இமெயிலும் நின்றுவிடும்.

கொட்டேஷனில் எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், சைட்டை இணையத்தில் வைத்திருப்பதற்கான ஹோஸ்டிங் பணம் யார் கட்டுவது என்று எழுதி வாங்குங்கள். குடும்பத் தொழிலில் அப்பா ஒன்று சொல்வார், மகன் வேறு சொல்வார், மேனேஜர் போனில் இன்னொன்று சொல்வார். திருத்தங்களை ஒருவரே சேர்த்து, எந்தப் பக்கம், இப்போதுள்ள வரி, மாற்ற வேண்டிய வரி என்று எழுதி மொத்தமாக அனுப்ப வேண்டும்.